யாரையும் பிடிக்கவில்லை என்றால் ஓட்டே போடாமல் இருப்பது ஒரு எதிர்ப்பு ஆகுமா?

நான் ஒரு தடவை அப்படி இருந்திருக்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்பதிலிருந்தே சொல்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். மூன்று நாள் மாடி வீட்டுக்காரர்களோடு இருந்தோம். அப்பாவின் சுகர் மாத்திரை இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. கீழே பீரோ, மெத்தை, தங்கச்சியின் சர்டிஃபிகேட் எல்லாம் சேற்றில். ஓட்டுக் கேட்டு வந்த ஒரு முகத்தைக் கூட அந்த மூன்று நாளில் நாங்கள் பார்க்கவில்லை. ஐந்தே மாதத்தில், 2016 மே 16 அன்று சட்டமன்றத் தேர்தல். வீட்டில் நாலு பேரும் சேர்ந்து முடிவெடுத்தோம், போட மாட்டோம் என்று.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பையன் வாக்காளர் பட்டியலோடு வந்து கேட்டில் நின்றான். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. "சார், உங்க வீட்ல நாலு ஓட்டு இன்னும் விழலையே?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வெளியே வந்து, "நாங்க போட மாட்டோம்பா. தண்ணி வந்தப்ப ஒருத்தர் எட்டிப் பாக்கல. போய்ச் சொல்லு உங்க ஆளுங்ககிட்ட" என்றாள். குரல் நடுங்கியது. அவன் "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு, எங்கள் நாலு பெயருக்கும் எதிரே பேனாவால் எழுதினான். நான் பக்கத்தில் நின்றதால் தெரிந்தது. "வெளியூர்" என்று எழுதியிருந்தான்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்றும் ஆறவில்லை. அவன் மேல் கோபம் இல்லை. காரணம் எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது. எந்தத் தாளிலும் கிடையாது. தேர்தல் முடிந்ததும் படிவம் 20 என்று ஒன்று வரும். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும், அடுத்த தேர்தல் கணக்கைக் கட்சிகள் அதை வைத்துத்தான் போடுவார்கள். அதில் என் அம்மாவின் கோபமும், லீவு கிடைத்ததென்று ஏற்காடு கிளம்பியவரின் காரும் ஒரே வெற்றிடம்தான்.

ஆகவே என் பதில்: வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து போடாமல் இருப்பது எதிர்ப்பு ஆகாது. மனசில் எவ்வளவு நியாயம் இருந்தாலும்.

ஆனால் புறக்கணிப்பே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மறுக்கும் ஏகனாபுரம் மக்கள் 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். முன்கூட்டியே அறிவித்து, ஊரே சேர்ந்து, இன்ன காரணம் என்று சொல்லிச் செய்தது அது. சிலரைத் தவிர யாரும் பூத் பக்கம் போகவில்லை. நாடே பேசியது. ஊருக்கு ஒரு குரல் இருந்ததால் அது கேட்டது. வேளச்சேரியில் எதிர்வீட்டுக்காரர் பெயரே நமக்குத் தெரியாது.

நோட்டா? அது வருவதற்கு முன்பு 49-ஓ என்ற விதிதான் இருந்தது. பூத்தில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபிறகு, போட விருப்பமில்லை என்று அதிகாரியிடம் சொல்லி இன்னொரு கையெழுத்து. உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட்டுகள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ரகசியம் போகிறதே என்றுதான் 2013 செப்டம்பர் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நோட்டா பட்டனை வைக்கச் சொன்னது. அதற்கு ஜெயிக்கும் சக்தி இல்லை. இந்தூரில் 2024ல் 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தியும் முதலில் வந்த வேட்பாளரே எம்.பி. டெபாசிட் கணக்கில்கூட அதைச் சேர்ப்பதில்லை. ஆனாலும் எண்ணுகிறார்கள், அது போதும் எனக்கு. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நோட்டாவுக்கு 2,373, பா.ஜ.க.வுக்கு 1,417. அன்றைக்கு டீக்கடையில்கூட அதே பேச்சு. வீட்டில் இருந்தவர்களைப் பற்றி யார் பேசினார்கள்?

இன்னொரு கணக்கு, இது எங்கள் ஊர்க் கணக்கு. 2021ல் தி. நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. இரண்டு பெரிய அபார்ட்மென்ட்டில் தூங்கியவர்கள் எழுந்து வந்திருந்தால் முடிவே மாறியிருக்கலாம்.

அதைவிட எனக்கு வலிப்பது கவுன்சிலர் தேர்தல். 2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னையில் தேர்ந்தெடுத்த கவுன்சிலரே இல்லை. மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு எதற்கும் கேட்க ஆள் இல்லை. 2022 பிப்ரவரியில் ஒருவழியாகத் தேர்தல் வந்தபோது சென்னையில் பதிவானது 44 சதவீதத்துக்கும் குறைவு.

அந்தத் தடவை நாங்கள் வேறு மாதிரி செய்தோம். எங்கள் தெரு வடிகால் வீராங்கல் ஓடை வரைக்கும் போகாமல் நடுவிலேயே நின்றுவிடுகிறது. முப்பது வீட்டில் கையெழுத்து வாங்கி, அது ஒன்றை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் நீட்டினோம். "போடறோம், முதல்ல நீங்க இதுல கையெழுத்துப் போடுங்க." இரண்டு பேர் போட்டார்கள். ஒருவர் பார்க்கிறேன் என்று நகர்ந்துவிட்டார். காலை ஏழரைக்கு அம்மாதான் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றாள்.

வேலை பாதி முடிந்திருக்கிறது. மீதிக்கு அந்தத் தாளின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு மாதம் ஒரு தடவையாவது போய் வருகிறேன்.