கென்யாவும் ஸான்சிபாரும் போக விசா கிடைத்தால் போதுமா?

கேள்வி: பள்ளி விடுமுறையில் மனைவி, எட்டு வயது மகள், 66 வயது அம்மா ஆகியோரோடு சென்னையிலிருந்து கென்யா போய், அப்படியே ஸான்சிபாரும் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். இந்தியர்களுக்கு விசா சுலபமாகக் கிடைக்குமா? வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்:

விசா வேலை ஒரு சாயங்காலத்தில் உட்கார்ந்து முடித்துவிடக் கூடியது. நீங்கள் முதலில் தேதி வாங்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு. டிக்கெட் போடுவதற்கு முன்பே அதைப் பாருங்கள், குறிப்பாக அம்மா கூட வருவதால்.

நானும் குடும்பத்தோடு கென்யா போய் வந்தவன். எங்கள் பயணத்தில் விசாவுக்காக யாரும் கவலைப்படவில்லை. திரும்பி வந்து இறங்கியபோதுதான் ஒரு குடும்பம் கண்கலங்கி நின்றதைப் பார்த்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்களைக் குடியேற்றப் பிரிவுக்கு முன்னாலேயே சுகாதார மேசையில் நிறுத்தி, இந்த ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டையைக் கேட்கிறார்கள். "கென்யாவில் கேட்க மாட்டார்கள், தேவையில்லை" என்று அவர்களுடைய ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பாதி உண்மை. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு கென்யாவின் விதியில் அந்த ஊசி கட்டாயமில்லை. ஆனால் கென்யாவிலிருந்து வருகிறவர்களிடம் இந்தியா கேட்கும். அட்டை இல்லாமல், அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இங்கே வந்து இறங்கினால், தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவரை மட்டும் தனியாக அழைத்துப் போனார்கள். கூட வந்த பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிகளோடு நின்றார்கள்.

இந்தியா இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான். கிருமியோடு ஒருவர் வந்து இறங்கினாலே போதும்.

ஊசிக்கு சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிலையமும் துறைமுக சுகாதார அலுவலகமும் இருக்கின்றன. தெற்கே இருப்பவர்களுக்குத் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். நம் தெருமுனை கிளினிக்கில் போட்டுக்கொண்டு வந்தால் செல்லாது. அங்கீகாரம் பெற்ற மையத்தின் முத்திரை வேண்டும். எந்த நாளில் போடுகிறார்கள், முன்பதிவு எப்படி என்று விசாரித்துவிட்டுப் போங்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து தூளாக இருக்கும். கரைசலைக் கலந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அதனால்தான் ஆட்களைச் சேர்த்துச் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். ஒருவர் மட்டும் போய் "இப்பவே போடுங்க" என்று நின்றால் நடக்காது. போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள்.

போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் செல்லும். 2016 ஜூலைக்கு முன்னால் பத்து வருடம் என்று இருந்தது, இப்போது அப்படி இல்லை. அட்டையைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கிறதா, பாஸ்போர்ட் எண் சரியா, ஊசி போட்ட தேதி, மருந்தின் பேட்ச் எண், மையத்தின் முத்திரை, மருத்துவர் கையெழுத்து எல்லாம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதில் நம் ஊர்ப் பெயர்களுக்குத் தகராறு வரும். அதை அங்கேயே திருத்தி வாங்குவது எளிது.

இப்போது அம்மா விஷயம். இது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் செய்த தடுப்பூசி. அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்குக் கடுமையான பக்க விளைவு வருவது அரிது என்றாலும், இளையவர்களைவிட அந்த அபாயம் கூடுதல். முட்டை ஒவ்வாமை, புற்றுநோய் சிகிச்சை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் இருந்தால் போடக் கூடாது என்பார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, முதலில் அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "வேண்டாம்" என்று அவர் சொன்னால், ஊசி போடக் கூடாது என்று டாக்டர் எழுதித் தரும் விலக்குக் கடிதத்தை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அம்மாவோடு வேறு நாட்டுக்குப் போங்கள், அல்லது திரும்பும் வழியில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் இல்லாத ஒரு நாட்டில் ஆறு நாளுக்கு மேல் தங்கிவிட்டு வாருங்கள். கென்யாவை விட்ட நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு. பெற்ற தாயை விமான நிலையத்தில் அப்படி நிறுத்தும்படி ஆகக் கூடாது.

உங்கள் பயணத்தில் இந்த அட்டையை இன்னோர் இடத்திலும் கேட்பார்கள். கென்யாவிலிருந்து, டான்சானியாவைச் சேர்ந்த தீவான ஸான்சிபாரில் இறங்கும்போது டான்சானியாக்காரர்கள் கேட்கிறார்கள். ஆகவே பத்து நாள் கணக்கை அந்தத் தேதிக்கு முன்பே முடியும்படி வையுங்கள். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம். எத்தியோப்பியாவும் இந்தியாவின் பட்டியலில் உள்ள நாடுதான். அட்டை இருந்தால் கவலையில்லை.

இனி விசா. 2024 ஜனவரியிலிருந்து கென்யா விசா முறையை எடுத்துவிட்டு, இ.டி.ஏ என்ற மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்திருக்கிறது. கட்டணம் ஆளுக்கு 30 டாலர், கார்டு வழியாகக் கட்டும்போது கொஞ்சம் கூடும். குழந்தைக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும், வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். விமான விவரமும் தங்கும் இடத்தின் பதிவும் கேட்பார்கள். சாதாரணமாக மூன்று வேலை நாளில் வந்துவிடும் என்கிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுவேன்.

கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். கொடி, சின்னம் எல்லாம் அரசுத் தளம் போலவே இருக்கும். கட்டணம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. முகவரி go.ke என்று முடிகிறதா என்று பாருங்கள். அதுதான் கென்ய அரசுத் தளம். நாலு பேருக்குச் சேர்த்துப் பார்த்தால் மிச்சமாவது சின்னத் தொகை இல்லை.

கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா ஒன்று உண்டு. சிலர் அதை உங்களுக்குப் பரிந்துரைக்கலாம். டான்சானியா அதில் சேராது, எனவே உங்களுக்குப் பயனில்லை. ஸான்சிபார் டான்சானியாவின் பகுதி. அதற்குத் தனி இ-விசா, ஆளுக்கு 50 டாலர். அதோடு 2024 அக்டோபர் 1 முதல் ஸான்சிபார் வரும் வெளிநாட்டவர் எல்லோரும் அங்குள்ள அரசுக் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசியை வாங்கியாக வேண்டும், பெரியவர்களுக்கு 44 டாலர். நீங்கள் இங்கே எடுத்த பயணக் காப்பீடு அதற்கு ஈடாகாது. ஆனாலும் இங்கேயும் ஒன்று எடுங்கள், கென்யாவில் இருக்கும் நாட்களுக்கு அது வேண்டும்.

நைரோபியில் இறங்கியதும் குடியேற்ற மேசையில் கைரேகை எடுத்து, எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டு முத்திரை வைப்பார்கள். அனுமதியை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். நாலு பேர் அனுமதியையும் ஒரே போனில் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். மகளின் பிறப்புச் சான்றிதழ் நகலும் இருக்கட்டும்.

பெட்டி கட்டும்போது பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கென்யா 2017 ஆகஸ்டில் கடைப் பைகளைத் தடை செய்தது, சட்டத்தில் சிறைத் தண்டனை வரை இருக்கிறது. நாம் செருப்பையும் ஈரத் துணியையும் புளியோதரைப் பொட்டலத்தையும் கேரி பேக்கில் சுற்றியே பழகியவர்கள். துணிப் பையும் டப்பாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூனிலிருந்து தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது, அதனால் ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில். டிரோன் கேமரா இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவுக்குப் போவதாக இருந்தால், வெளிநாட்டவரில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். மே மாத விடுமுறையில் போனால் பாதிக் கட்டணம்தான், ஆனால் மழை முழுவதும் ஓய்ந்திருக்காது. சஃபாரி நிறுவனம் சொல்லும் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் டாக்டரிடம் அதே நாளில் கேட்டுவிடுங்கள். நைரோபி உயரமான ஊர், அங்கே அபாயம் குறைவு. மாராவிலும் கடற்கரையிலும் உண்டு.

அம்மாவின் டாக்டர் என்ன சொன்னார் என்று கருத்தில் எழுதுங்கள். நாட்களை அதற்கேற்ப எப்படிப் பிரிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.