கேம்ப் பில்லுல "அட்டெண்டர் சார்ஜ்" 2,400, குடுக்கலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா பில்லை போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. பையனுக்கு 14 வயசு, செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), வீல்சேர். ஒகேனக்கல்ல ரெண்டு நாள் கேம்ப், டென்ட்டு, பரிசல்னு பார்த்துட்டு பையன் அடம் பிடிச்சிருக்கான், நோட்டீஸ்ல போட்டது 5,500, கைக்கு வந்த பில்லு 11,564. அட்வான்ஸ் கட்டியாச்சு, மீதிய கட்டலாமானு கேக்கறாங்க.

எல்லாமே ஏமாத்து வேலைன்னு சொல்லிட முடியாதுங்கம்மா. முதல்ல அந்த அட்டெண்டர் 2,400-ஐ பாருங்க, நாளைக்கு 1,200 ஆகுது. உங்க பையனுக்குன்னே ஒரு ஆள், பாத்ரூம் கூட்டிட்டுப் போறதுல இருந்து ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கற வரைக்கும் கூடவே இருந்தா அது நியாயமான காசுதான், நானே குடுப்பேன். ஆனா ஒரே ஆளு நாலு பசங்களைப் பார்த்துக்கறான், நாலு வீட்டுலயும் 2,400 வாங்கறாங்கன்னா ஒரு ஆளுக்கு 9,600 வசூல் ஆகுது, அது எப்படி? ஒரு ஆளுக்கு எத்தனை பசங்க, ராத்திரியும் இருப்பாங்களானு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கங்க. நீங்களே துணைக்குப் போறதா இருந்தா இந்தக் காசே வேணாம், உங்க சாப்பாட்டுக்கு மட்டும் வாங்கட்டும்.

எக்யூப்மென்ட் 800. லைஃப் ஜாக்கெட் எல்லா பசங்களுக்கும் போடறது, அதுக்கு உங்ககிட்ட மட்டும் தனியா ஏன்? அட்மின் 500, அத பேசி குறைங்க.

பரிசல் 600-னு போட்டிருக்காங்களே, கர்நாடகாவுல தண்ணி தொறந்துவிட்டா ஆத்துல வெள்ளம் வந்து கலெக்டர் பரிசலுக்கு தடை போட்டுருவாரு, நம்ம ஊர்ல வருசா வருசம் பாக்கறதுதான். அன்னிக்கு அந்த 600 திரும்பி வருமானு இப்பவே கேளுங்க.

அப்பறம் 18% ஜிஎஸ்டின்னு 1,764. பில்லுல எண்ணும் எழுத்தும் கலந்த 15 இலக்க ஜிஎஸ்டி நம்பர் இருக்கா, நம்ம மாநிலத்துல பதிஞ்சதுன்னா 33-ல ஆரம்பிக்கும், ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டா ஆக்டிவா, காம்போசிஷனானு (சின்ன வியாபாரிங்க குறைஞ்ச வரிய தாங்களே கட்டற திட்டம்) காட்டிரும். நம்பரே இல்லாதவங்களும் காம்போசிஷன்காரங்களும் உங்ககிட்ட ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. வருமான வரித்துறையில 12ஏபி-னு தர்ம ட்ரஸ்ட்டா பதிஞ்சவங்கன்னா, கடுமையான ஊனம் இருக்கறவங்களைப் பராமரிக்கற சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கே இருக்கு, அதையும் கேட்டுப் பாருங்க.

"இந்த பில்லை காட்டி டாக்ஸ் கழிச்சுக்கலாம்"னு கேம்ப்காரங்க சொன்னாங்களாம். வருமான வரி பழைய ரெஜிம்ல, ஊனமுள்ளவங்களைப் பராமரிக்கற குடும்பத்துக்கு 80டிடின்னு சொல்ற ஒரு கழிவு இருக்கு, ஊனம் 40% இல்ல அதுக்கு மேலன்னா 75,000, 80% இல்ல அதுக்கு மேலன்னா 1,25,000, ஆனா அது செலவு எவ்வளவு ஆனாலும் அதே தொகைதான், இந்த பில்லால ஒரு ரூபா கூடாது.

சரியான பில்லு தரமாட்டேன்னு இழுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்க, அதுலயும் முடியலைன்னா கிருஷ்ணகிரியிலயே நுகர்வோர் ஆணையம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. அதுக்கெல்லாம் முன்னாடி, வரப்போற அட்டெண்டர்கிட்டயே ரெண்டு நிமிசம் போன்ல பேசி, வீல்சேர்ல இருந்து பையனைத் தூக்கி பரிசல்ல உக்கார வைக்கத் தெரியுமானு கேட்டுட்டு மீதிய அனுப்புங்க.