பாட்டு நன்றாக இருந்தது, நாற்காலி ஏன் காலி?

கேள்வி: நெசவாளர் குடும்பம் ஒன்றை வைத்து எங்கள் குழு ஓர் இசை நாடகம் போட்டது. மொத்தம் பதினான்கு பாட்டு, எல்லாமே நான் மெட்டமைத்தவை, எட்டுப் பேர் மேடையிலேயே உட்கார்ந்து வாசித்தார்கள். முதல் காட்சிக்கு வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மியூசிக் பிரமாதம் என்றார்கள். இரண்டாவது காட்சிக்குப் பாதி அரங்கம்கூட நிறையவில்லை. சேலத்து ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று எடுத்துக்கொள்வதா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: வேண்டாம், அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டாவது காட்சிக்கு நானும் டிக்கெட் எடுத்து வந்திருந்தேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தறிச் சத்தத்தையே தாளமாக எடுத்து, மிதிக்கு ஒரு தட்டு, நாடா ஓட ஒரு தட்டு, பலகையை இழுத்து அடிக்க ஒரு தட்டு என்று மிருதங்கத்தில் பிரித்து, அதன் மேல் மோகன ராகத்தை ஓடவிட்டீர்களே, அம்மாபேட்டையில் தறி ஓடுகிற வீட்டுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

நீங்கள் குறித்த தேதியும் ஒரு காரணம். ஆடித் திருவிழா வாரத்தில், கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஊரே நிற்கிறபோது, குகையில் வண்டி வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற நேரத்தில், டிக்கெட் வைத்து அரங்கத்துக்குள் கூப்பிட்டால் யார் வருவார்கள்? ஆனால் தேதியை மாற்றியிருந்தாலும் அரங்கம் நிறைந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நாடகம் தொடங்கி முதல் அரை மணி நேரத்துக்குள் நான்கு பாட்டு வந்துவிட்டது. விடியல் பாட்டு, தறிப் பாட்டு, சந்தைப் பாட்டு, அம்மன் பாட்டு. நாலும் கேட்க நன்றாக இருந்தன. ஆனால் அந்த அரை மணி நேரமும் மேடையில் இருக்கிறவர்களில் யாருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர் தறியை விற்கப் போகிறார், மகளுக்கு அதில் சம்மதம் இல்லை, பாவு நூல் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது என்பதெல்லாம் இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்னால்தான் தெரிகிறது. அதற்குள் என் முன்வரிசையில் மூன்று பேர் போனை எடுத்துவிட்டார்கள். ஒருத்தருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு அவர் பாடினால் நாமும் கூடவே தவிப்போம், அது தெரிவதற்கு முன்னால் பாடினால் கச்சேரி கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு அடுத்தது என்ன என்று பார்ப்போம். கச்சேரிக்கு வந்தவர்கள் என்றால் அது போதும், உங்களிடம் வந்தவர்கள் நாடகம் பார்க்க வந்தவர்கள்.

இன்னொன்று, பேச்சில் சொல்லி முடித்த விஷயத்தையே பாட்டு மறுபடியும் சொல்கிறது. "தறியை வித்துடலாம்னு இருக்கேம்மா" என்று பெரியவர் சொல்லிவிட்டார், மகள் அழுதுவிட்டாள், நமக்கும் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அதே சோகத்தை சுபபந்துவராளி ராகத்தில் ஆறு நிமிடம் பாடுகிறார்கள். பாட்டு தொடங்கும்போது கதை எங்கே நின்றதோ, பாட்டு முடியும்போதும் அங்கேயே நிற்கிறது. அவர் விற்க முடியாது என்று தொடங்கி, பாடப் பாட மனசு இளகி, கடைசி வரியில் விலை கேட்கிற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தால் அந்த ஆறு நிமிடமும் யாரும் அசைந்திருக்க மாட்டார்கள்.

வார்த்தையும் காதில் விழவில்லை. பாடுகிறவர்களுக்குக் காலர் மைக், கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் நேரடி லைன், கூட்டத்தைப் பார்த்து இரண்டு பெரிய ஸ்பீக்கர். பன்னிரண்டாம் வரிசையில் உட்கார்ந்த எனக்கு மெட்டு முழுசாகக் கேட்டது, பாட்டின் வரிகள் பாதிதான் கேட்டன.

சரி, நம் ஜனங்களின் ரசனைக்கு வருவோம். ஓமலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கர்ண மோட்சம் கூத்து பார்த்திருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குமேல் தொடங்கி விடிய விடிய நடந்தது. என் பக்கத்தில் ஒரு பாட்டி உர மூட்டைச் சாக்கை விரித்து, பேரனைப் போர்த்திவிட்டுத் தானும் சாய்ந்து தூங்கிவிட்டார். சண்டைக்குக் கிளம்புகிற கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி மறித்து நிற்கிற இடம் வந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். அவனுக்குப் போக வேண்டும், அவளுக்கு விட முடியாது. அந்த இழுபறியே பாட்டாக வருகிறது. வேஷம் கட்டியவர் பாடுகிற ஒவ்வொரு அடியையும் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுகிறார்கள், அதனால் முதல் தடவை தவறவிட்ட வார்த்தையை இரண்டாவது தடவை பிடித்துக்கொள்ளலாம். கதை எங்கேயாவது பிடிபடாமல் போனால் கோமாளி நடுவில் புகுந்து நம் பேச்சில் சொல்லிவிடுகிறார். ரசனை இல்லாத ஊரில் விடியும்வரை யாரும் அப்படி உட்கார மாட்டார்கள்.

உங்கள் நாடகத்திலும் அப்படி ஒரு இடம் இருந்தது. பெரியவர் தறியில் மிச்சம் இருந்த இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுக்க, மகள் எந்த வாத்தியமும் இல்லாமல் நாலே வரி பாடுகிறாள். முன்வரிசையில் அந்தப் போன்கள் கீழே இறங்கின. கதவோரம் நின்றிருந்த வாட்ச்மேன் உள்ளே இரண்டடி வந்து நின்றார். அது வந்தபோது மணி எட்டே முக்கால், அதற்குள் ஆத்தூர் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்தத் தறி எதற்காக வேண்டும் என்பது முதல் கால் மணி நேரத்தில் எங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களில் பாதிப் பேர் அடுத்த பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் நாள் வந்தவர்கள் மியூசிக் பிரமாதம் என்று சொன்னதை மறுபடி நினைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் டீக்கடையில் அவர்களில் ஒருவர் தன் நண்பரிடம் என்ன சொல்லியிருப்பார்? "பாட்டெல்லாம் நல்லாருந்துச்சு." நண்பர் "என்ன கதை?" என்று கேட்டிருப்பார். அதற்கு ஒரே மூச்சில் சொல்ல அவரிடம் பதில் இருந்திருக்காது. "தறியை விக்க விடமாட்டேன்னு ஒரு பொண்ணு நிக்குது, அப்பாவுக்கு வேற வழியில்ல, போய்ப் பாரு" என்று சொல்ல முடிந்திருந்தால் அந்த நண்பர் இரண்டாவது காட்சிக்கு வந்திருப்பார்.

கேள்வி: நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகள் மாதிரி இடங்களில் பெரிய பெரிய இசையமைப்பாளர்கள் வேலை செய்கிறார்கள். அங்கேயும் இசை நன்றாக இருந்து நாடகம் ஓடாமல் போனது உண்டா?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

பதில்: நிறைய உண்டு, தம்பி. 1956-ஆம் வருடத்தை மட்டும் பாருங்கள். அந்த மார்ச்சில் 'மை ஃபேர் லேடி' தொடங்கி 2,717 காட்சிகள் ஓடியது. அதே வருடம் டிசம்பரில் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையில் 'கேண்டிட்' வந்தது, 73 காட்சிகளோடு முடிந்துபோனது. ஆனால் கேண்டிட்டின் முன்னிசையை இன்றைக்கும் உலகம் முழுவதும் ஆர்கெஸ்ட்ராக்கள் வாசிக்கின்றன, துள்ளித் துள்ளி ஓடுகிற ஐந்து நிமிடத்துக்குள் அடங்குகிற இசை, கிடைத்தால் கட்டாயம் கேளுங்கள். அப்புறம் ஏன் ஓடவில்லை? மை ஃபேர் லேடியில் பூ விற்கிற பெண் ஆரம்பத்திலேயே குளிருக்கு அடக்கமாக ஓர் அறையும் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியும் வேண்டும் என்று பாடிவிடுகிறாள், அந்த நிமிடத்திலிருந்து நாம் அவள் பக்கம். கேண்டிட்டின் நாயகனை விதி நாடு நாடாகத் தூக்கி எறிகிறது, போன இடமெல்லாம் அடிபடுகிறான், அவன் மேல் மனசு ஒட்டுவது கஷ்டம், பெரும்பகுதியும் கிண்டலாகவே போகிறது. பெர்ன்ஸ்டைனுக்கு ஜனங்களைப் பிடிக்கத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. அடுத்த வருடமே அவர் இசையமைத்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 732 காட்சிகள் ஓடியது, ஏனென்றால் அது ரோமியோ ஜூலியட் கதை, உட்கார்ந்த உடனே யார் யாரை விரும்புகிறார்கள், யார் குறுக்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பிறகு 1974-இல் கேண்டிட்டின் வசனத்தையே மாற்றி எழுதி, சுருக்கி, மறுபடி பிராட்வேயில் போட்டபோது 740 காட்சிகள் போயிற்று.

1981-இல் ஸ்டீபன் சாண்ட்ஹைம் இசையமைத்த 'மெரிலி வி ரோல் அலாங்' பதினாறே காட்சிகளில் மூடப்பட்டது. மூன்று நண்பர்களின் கதை, பின்னாலிருந்து முன்னால் போகிறது, கசந்துபோன நடுவயதில் தொடங்கி இளமையில் முடிகிறது. நடித்தவர்கள் எல்லாரும் இளம் வயதுப் பிள்ளைகள், யார் யாரென்று புரிய வேண்டும் என்பதற்காகப் பாத்திரங்களின் பெயரைச் சட்டையிலேயே எழுதிப் போடவேண்டி வந்தது. யாரென்றே குழம்பி நிற்கிறவருக்குப் பாட்டு எப்படி உள்ளே போகும்? நாடகம் நின்ற மறுநாளே அதே பிள்ளைகள் கூடிப் பாட்டுகளை ரிக்கார்டு செய்தார்கள். அந்த இசைத்தட்டுதான் நாடகத்தை உயிரோடு வைத்திருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து, அந்த நட்பு நமக்குத் தெளிவாகப் புரிகிற மாதிரி நடிகர்களைத் தேர்ந்து மறுபடி பிராட்வேயில் போட்டார்கள், 2024-இல் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருது, அதாவது பிராட்வே நாடகங்களுக்குத் தரும் பெரிய விருது, வாங்கியது.

பாட்டு முன்கூட்டியே ஹிட்டானால் போதும் என்பதும் இல்லை. 'செஸ்' நாடகத்தின் பாட்டுகள் 1984-லேயே ஆல்பமாக வந்து பிரபலமாகிவிட்டன, லண்டனில் மூன்று வருடம் ஓடியது. ஆனால் 1988-இல் நியூயார்க்குக்காகக் கதையை மாற்றி, வசனத்தைக் கூட்டி, மூன்று மணி நேரத்தைத் தாண்டவிட்டுப் போட்டதில் 68 காட்சிதான் தாங்கியது.

கேள்வி: கிட்டப்பா பாட்டைக் கேட்கத்தானே அந்தக் காலத்தில் கூட்டம் அலைமோதியது, கதையையா பார்த்தார்கள்?
– வாசகர், ஆத்தூர்

பதில்: குரலுக்காகத்தான் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட பாட்டு எதற்குள் இருந்தது? சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் மாதிரி நாடகங்களுக்குள். முருகன் கிழவனாக வேஷம் போட்டு வருவான், வள்ளி மறுப்பாள், கடைசியில் கல்யாணம் நடக்கும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கதையைப் புரிந்துகொள்ளும் வேலையே இல்லாததால் காது முழுவதும் பாட்டுக்கு. அதிலும் அந்தப் பாட்டெல்லாம் எதிரில் நிற்கிறவரை மடக்குகிற தர்க்கம், கிட்டப்பா ஒரு கேள்வி போட, கே.பி. சுந்தராம்பாள் ஒரு பதில் போட. பிடித்துவிட்டால் கூட்டம் 'ஒன்ஸ் மோர்' கேட்கும், பாடியவரும் திரும்பப் பாடுவார்.

இன்றைக்குப் புதுக் கதை எழுதுகிறவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. சினிமாப் பாட்டு படத்துக்கு முன்னாலேயே வெளியாகி, பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் ஒலித்து ஒலித்து, நாம் தியேட்டருக்குள் போகும்போது பாதி மனப்பாடமாகியிருக்கும். மேடை நாடகத்தில் பதினான்கு பாட்டையும் ஜனங்கள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரே ராத்திரியில் கேட்கிறார்கள். ஒரு நல்ல மெட்டைத் தேர்ந்து நாடகத்துக்குள் இரண்டு மூன்று தடவை, வேறு வேறு நிலைமையில் திரும்பக் கொண்டுவந்தால் அது வீட்டுக்குக் கூடவே போகும். அஸ்தம்பட்டிக்காரருக்கும் இதைத்தான் சொல்வேன், அந்த நாலு வரி மெட்டு முதல் காட்சியிலேயே அவள் நூல் சுற்றும்போது வாய்க்குள் முணுமுணுப்பாக வந்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குக் காப்பித் தோட்டத்தை வைத்து ஒரு இசை நாடகம் தயாராகிறது. பாட்டு வாத்தியார் பன்னிரண்டு பாட்டு போட்டுவிட்டார். நேரம் ஒன்றே கால் மணி. எதை எடுத்துவிடுவது என்று தெரியவில்லை.
– ஆசிரியை, ஏற்காடு

பதில்: டீச்சர், முதலில் மெட்டை மறந்துவிட்டு எல்லாப் பாட்டின் வரிகளையும் வசனமாக வாசிக்கச் சொல்லுங்கள். எந்தப் பாட்டை எடுத்தாலும் கதை குறையாமல் ஓடுகிறதோ அதை எடுத்துவிடலாம், வாத்தியாருக்கு வருத்தமாக இருக்கும், அவரையே அந்த வாசிப்பில் உட்கார வைத்தால் அவரே சொல்லிவிடுவார். ஆறு ஏழு மிஞ்சினால் போதும். மிஞ்சியதில் எங்கே பிள்ளைகளின் குரல் கீபோர்டுக்கு அடியில் போகிறதோ அங்கே கீபோர்டை நிறுத்திவிட்டு ஒரு கஞ்சிராவோ கைத்தட்டலோ வையுங்கள், திறந்த மைதானத்தில் ராத்திரிப் பனியில் சின்னப் பிள்ளைகளின் வார்த்தை கடைசி வரிசைவரை போக வேண்டும். ஒத்திகை பார்க்காத ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு முழு ஒத்திகையைப் பார்க்கச் சொல்லி, மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறி "அப்புறம் ஒரு பாட்டு வந்துச்சு மிஸ்" என்கிறதோ, அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாருங்கள்.