கொலுசுக்குத் துண்டுச்சீட்டு, காருக்குக் கொட்டேஷன்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன், வயது 36, தனியார் நிறுவனத்தில் மேலாளர். ஓமலூர் சாலையில் உள்ள ஒரு ஷோரூமில் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். ஷோரூம் விலை 9,20,000 ரூபாய். எல்லாம் சேர்த்து 11,49,200 என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள், அதன் நகலை இணைத்திருக்கிறேன். 15,000 ரூபாய் குறைப்பதாகவும், சனிக்கிழமைக்குள் முன்பதிவு செய்தால் தரைவிரிப்புகள் இலவசம் என்றும் சொல்கிறார்கள். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டார்கள், 13,000 என்றேன், ஏழு ஆண்டுக் கடனாகப் போட்டுத் தந்தார்கள். அப்பா பெயரில் உள்ள 2013ஆம் ஆண்டு காரை 1,40,000 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகவும், அவர் இதுவரை கிளைம் செய்யாததால் கிடைக்கும் போனஸை என் காருக்கு மாற்றித் தருவதாகவும் சொல்கிறார்கள். இன்னும் 90,000 போட்டால் டாப் மாடல், ஏற்காடு ஏற அதுதான் நல்லது என்கிறார் விற்பனையாளர். அப்பா செவ்வாய்ப்பேட்டையில் முப்பது ஆண்டுகள் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். அவரை ஷோரூமுக்கு அழைத்துப் போகவில்லை; வந்தால் சந்தைக்கடை மாதிரிப் பேரம் பேசி மானத்தை வாங்கிவிடுவார். ஏமாறாமல் நியாயமான விலைக்கு வாங்க நான் எப்படிப் பேச வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் எண்கள் நிறைய இருக்கின்றன, அவற்றுக்குப் பிறகு வருகிறேன். போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அப்பா வந்தால் பேரம் பேசி மானத்தை வாங்கிவிடுவார் என்கிறீர்கள். பேரம் பேசிப் பேசியே உங்களைப் படிக்கவைத்து மேலாளர் ஆக்கிய மனிதரை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, முன்பின் அறிமுகமில்லாத எனக்கு, பேரம் பேசுவது எப்படி என்று கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா?

கவலைப்படாதீர்கள், எல்லாருக்கும் நடப்பதுதான் என்று நான் ஆறுதல் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எல்லாருக்கும் நடப்பதில்லை, விலை கேட்க வெட்கப்படுகிறவர்களுக்குத்தான் நடக்கிறது. குளிரூட்டிய கூடம், கண்ணாடிக் கோப்பையில் காபி, வார்த்தைக்கு வார்த்தை சார் என்று அழைக்கும் இளைஞர் ஆகிய மூன்றும் சேர்ந்து, இங்கே காசு பற்றிப் பேசுவது அநாகரிகம் என்ற எண்ணத்தை உங்களுக்குள் ஏற்படுத்திவிடுகின்றன. நானும் என் கணவரும் முதல் கார் வாங்கிய நாளில் இதே வெட்கத்தால் கொட்டேஷனை முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம். வண்டியின் அடிப்பகுதிக்கு ஏதோ பூச்சு பூசியதாக ஒரு பெருந்தொகை அதில் சேர்ந்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தோம். அந்தப் பூச்சை இன்றுவரை நாங்கள் கண்ணால் கண்டதில்லை.

உங்கள் அப்பா கொலுசு விற்ற விதத்தை நீங்கள் சிறு வயதில் பட்டறை ஓரத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு மொத்தமாக எவ்வளவு என்று கேட்டவரிடம் அவர் மொத்தத்தைச் சொல்லியிருக்கமாட்டார். தராசில் வைத்து எடை பார்த்து, வெள்ளி எத்தனை டச் (அதாவது எவ்வளவு சுத்தம்), அன்றைய மார்க்கெட் விலை என்ன, கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று துண்டுச்சீட்டில் வரிவரியாக எழுதி, கீழே கோடு போட்ட பிறகுதான் கூட்டியிருப்பார். வெள்ளியின் விலையில் பேரம் கிடையாது என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். பேச்செல்லாம் கூலியிலும் சேதாரத்திலும்தான். கார் கொட்டேஷனும் அதே துண்டுச்சீட்டுதான், அச்சடித்த தாளில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு வித்தியாசமில்லை.

இனி அதை அவர் கண்ணால் படியுங்கள். 9,20,000 என்பது நிறுவனம் வைத்த விலை. அதன் மேல் ஆயுள் வரி: தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 விழுக்காடு, அதாவது உங்களுக்கு 1,19,600 ரூபாய். இந்த இரண்டும்தான் வெள்ளி, கூட்டினால் 10,39,600. மீதமுள்ள 1,09,600 ரூபாயில் பெரும்பகுதி கூலியும் சேதாரமும். உங்கள் தாளில் அது காப்பீடு 52,000, ஆக்சஸரீஸ் 24,500, நீட்டித்த வாரன்டி 18,000, ஹேண்ட்லிங் 8,500, பதிவுச் செலவு 6,000, ஃபாஸ்டேக் 600 என்று ஆறு வரிகளாகப் பிரிந்து கிடக்கிறது. இவ்வளவு பெரிய தொகையிலிருந்து 15,000 ரூபாயை எடுத்து உங்களிடம் நீட்டியதைத்தான் நீங்கள் சலுகை என்று எழுதியிருக்கிறீர்கள்.

காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குக் கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். அதற்கான தொகையை அரசு நிர்ணயிப்பதால் எங்கே வாங்கினாலும் ஒன்றே. வித்தியாசம் சொந்தச் சேதத்துக்கான பகுதியிலும், ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருவது) போன்ற கூடுதல் பாதுகாப்புகளிலும்தான் இருக்கிறது. வெளியே இரண்டு நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். ஆனால் ஐ.டி.வி. என்கிற காப்பீட்டு மதிப்பு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். புதிய காருக்கு அது வழக்கமாக ஷோரூம் விலையில் 95 விழுக்காடு, உங்கள் காருக்கு 8,74,000. அதைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் தானாகக் குறையும். வண்டிக்கு ஏதாவது ஆகும்போது உங்களுக்கு வரும் பணமும் கூடவே குறையும்.

ஹேண்ட்லிங் என்ற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். நிறுவனம் வைத்த விலையில் விற்பனையாளரின் லாபமும் அடங்கியிருக்கிறது. விற்கும் பொருளைத் தன் கடையில் வைத்திருந்ததற்குத் தனிக் கூலி கேட்பவரை உங்கள் அப்பா என்ன கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பதிவுச் செலவுக்கு ஆர்.டி.ஓ. ரசீதில் உள்ள தொகைதான் கணக்கு. ஆக்சஸரீஸ் வெளியே வாங்கலாம், வாரன்டி நீட்டிப்பைப் பிறகு முடிவு செய்யலாம். தரைவிரிப்புகளை இலவசமாகக் கேட்காதீர்கள், அவற்றுக்கு அவர்கள் போடும் மதிப்பும் அவர்களே வைப்பதுதான். குறைக்கும் தொகை பில்லில் எண்ணாக வர வேண்டும். ஜி.எஸ்.டி. குறைந்ததைத் தங்கள் தள்ளுபடியாகச் சொன்னாலும் ஏற்காதீர்கள். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்கு உட்பட்ட இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு அந்த வரி 28 விழுக்காட்டிலிருந்து 18ஆக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்தது. அதைக் குறைத்தது அரசு, ஷோரூம் இல்லை.

டாப் மாடல் விஷயத்துக்கு வருகிறேன். 90,000 தானே என்று விற்பனையாளர் சொன்னதைக் கேட்டு நீங்கள் தலையாட்டியிருக்கிறீர்கள். ஷோரூம் விலை 10,10,000 ஆனால் ஆயுள் வரி 13 விழுக்காட்டிலிருந்து 18க்குத் தாவும், அதுவும் 10 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமின்றி மொத்த விலைக்கும் சேர்த்து: 1,81,800 ரூபாய். ஆகவே அந்த 90,000 உண்மையில் 1,52,200; காப்பீட்டு உயர்வு தனி. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் காட்டி இதை விற்கப் பார்க்கிறார்கள். பதின்மூன்று ஆண்டுகளாக உங்கள் குடும்பம் அந்த மலையில் எந்த வண்டியில் ஏறியது?

தவணையைப் பற்றிச் சொன்னது உங்கள் பெரிய தவறு. மாதம் எவ்வளவு என்று கேட்பவரிடம் எண்ணைச் சொல்லிவிட்டால், அதன் பிறகு அவர் காரின் விலையைப் பேச வேண்டியதே இல்லை. உங்கள் எண்ணுக்குள் விலை அடங்கும்வரை ஆண்டுகளை நீட்டினால் போதும். 8 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதம் சுமார் 12,870 வரும், நீங்கள் சொன்ன 13,000க்குள் அழகாகப் பொருந்தும். ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதம் சுமார் 16,600. ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 85,000 ரூபாய் மிச்சம். கடன் வாங்கித் தருவதில் ஷோரூமுக்குக் கமிஷன் உண்டு என்பதால், உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் வட்டி கேளுங்கள். விலை முடிவாகும்வரை கடன் பற்றியே வாய் திறக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட என்னைக் கோபப்படுத்தியது பழைய கார். அது உங்களுடையது இல்லை. அதை 1,40,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக ஷோரூம் சொன்னதை எழுதியிருக்கிறீர்களே, உடையவரிடம் கேட்டீர்களா? வண்டியின் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். கிளைம் இல்லாத போனஸும் அவருடையதே. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கிளைம் செய்யாதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 விழுக்காடு வரை கிடைக்கும் அந்தச் சலுகை வண்டியைச் சேராமல் ஆளைச் சேரும். அவர் பெயரில் புதிய கார் வாங்கினால் அவர் அதைக் கொண்டுவரலாம், உங்கள் பெயரில் வாங்கினால் கிடையாது. விற்பனையாளர் தெரியாமல் சொன்னாரோ தெரிந்தே சொன்னாரோ, அப்படி எடுத்த பாலிசியில் விபத்து நேர்ந்து கிளைம் கேட்கும்போது சிக்கல் உங்களுக்குத்தான்.

வெற்றுப் படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயர் மாற்றாமல் விட்ட வண்டி ஒரு நாள் எங்கோ யார் மீதோ மோதினால், தள்ளாத வயதில் நீதிமன்றப் படி ஏறப்போகிறவர் உங்கள் தகப்பனார். அவர் பேச்சைக் கேட்கக் கூசுகிற நீங்கள் அவர் கையெழுத்தை மட்டும் கேட்பீர்களா? தகப்பனைச் சபைக்கு வரவிடாமல் காப்பாற்றுகிற மானம் எப்படிப்பட்ட மானம் என்று எனக்கு விளங்கவில்லை. என் வீட்டில் ஒரு பிள்ளை அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டிருக்கமாட்டேன்.

அந்த வண்டியின் பதிவு 2028 வரை செல்லும், ஒரே உரிமையாளர் ஓட்டியது. சேலத்தில் பழைய கார் வாங்கி விற்பவர்கள் இரண்டு பேரிடம் அப்பாவே கொண்டுபோய்க் காட்டி விலை கேட்கட்டும். ஷோரூமிலும் புதிய காரின் விலையை முடித்த பிறகுதான் பழையதைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டையும் கலந்தால் இங்கே ஏற்றிக் கொடுத்து அங்கே எடுத்துக்கொள்வார்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று நிறுவனம் தரும் தொகையை அந்த 1,40,000க்குள் அடக்காமல் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பெற்றோர் பெயரில் உள்ள காருக்கும் அதைத் தருகின்றன. யாரிடம் கொடுத்தாலும், பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

சனிக்கிழமைக் கெடுவைக் கண்டு நீங்கள் பதறத் தேவையில்லை. ஆடி நடக்கிறது, பதினெட்டாம் பெருக்கை ஒட்டிய சில நாட்களைத் தவிர்த்தால் ஷோரூம்களில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற மாதம் இது. ஆடியில் விலை பேசி, ஆவணி முகூர்த்தத்தில் வண்டி எடுக்கிறேன் என்று சொல்கிறவரை அவர்கள் விடமாட்டார்கள். அதற்குள் இதே மாடலுக்கு ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் வரிவரியாகக் கொட்டேஷன் வாங்குங்கள். மாநிலத்துக்குள் ஆயுள் வரி ஒன்றேதான், எங்கே வாங்கினாலும் சேலம் முகவரியில் பதிவு செய்துகொள்ளலாம். ஈரோட்டுத் தாளை மேசையில் வைத்தால் ஓமலூர் சாலைக்காரர்கள் பேசும் தோரணை மாறுவதைப் பார்ப்பீர்கள். முழுப் பணம் கட்டும் முன் சேசிஸ் எண்ணையும், தயாரித்த மாதம், ஆண்டையும் சரிபார்த்துவிடுங்கள்.

இன்று மாலை அந்தக் கொட்டேஷனை அப்பாவிடம் கொடுங்கள். நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே படிக்கட்டும், எந்த வரிக்குக் கீழே நகத்தால் கீறுகிறார் என்று மட்டும் பாருங்கள். பிறகு அவருக்கு வசதியான நாளில் பழைய காரிலேயே இருவரும் ஷோரூமுக்குப் போங்கள், அவர் ஓட்டட்டும். நடுநாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டு, சார் என்று உங்களைப் பார்த்துப் பேசுகிறவரிடம், அப்பாவிடம் பேசுங்கள் என்று சொல்லுங்கள். அவர் சத்தம் போட்டால் போடட்டும். ஆர்.சி.யும் சாவியும் அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.