முதலிடம் வந்தும் ஏன் ஜெயிக்கவில்லை? டெக்சாஸ் பிரைமரி முடிவைப் புரிந்துகொள்ள

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் பக்கத்துப் புறநகரில் இருக்கிறோம். குடியுரிமை வாங்கியபின் இந்த மார்ச் பிரைமரியில்தான் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முதல்கட்டத் தேர்தல்) முதல் தடவையாக ஓட்டுப் போட்டேன். நான் ஆதரித்தவர் மாநில அளவில் முதலிடம் வந்தார், ஆனால் மே மாதம் மறுபடி தேர்தல் என்கிறார்கள். ராத்திரி 47 சதவீதம் காட்டியது, காலையில் 43 ஆகிவிட்டது. இதில் ஏதாவது தில்லுமுல்லு இருக்குமா? மே மாதம் அடுத்த கட்சிக்கு மாறிப் போடலாமா? என் மனைவி மார்ச்சில் ஓட்டுப் போடவில்லை. அவர் மே மாதம் போகலாமா?

பதில்: நம் ஊரில் மற்றவர்களைவிட ஒரு ஓட்டு கூட வாங்கினாலே எம்.எல்.ஏ. மொத்தத்தில் 35 சதவீதம்தான் என்றாலும் அவர்தான் ஜெயித்தவர். அந்தக் கணக்கு மனதில் ஊறிப்போயிருப்பதால் டெக்சாஸ் முடிவைப் பார்த்ததும் நம்மவர்கள் குழம்பிவிடுகிறார்கள். இங்கே ஒரு கட்சியின் வேட்பாளர் ஆக வேண்டுமானால், அந்தக் கட்சியின் பிரைமரியில் விழுந்த ஓட்டில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும். யாருக்கும் பாதி வரவில்லை என்றால் முதல் இரண்டு இடம் வந்தவர்கள் மட்டும் மே மாத நான்காவது செவ்வாய்க்கிழமை மறுபடி மோதுவார்கள். அதுதான் ரன்ஆஃப். அதிபர் பதவிக்கான பிரைமரிக்கு மட்டும் இது கிடையாது. அங்கே விழும் ஓட்டை வைத்து, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளைப் பங்கிடுகிறார்கள். மற்றபடி செனட்டர், ஆளுநர், அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) எல்லோருக்கும் இதே விதிதான்.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. வட கரோலினாவில் 30 சதவீதத்தைத் தாண்டினாலே போதும். பென்சில்வேனியாவில் ரன்ஆஃபே கிடையாது: 2022 மே மாதம் குடியரசுக் கட்சியின் செனட் பிரைமரியில் மெஹ்மத் ஓஸ், டேவிட் மெக்கார்மிக்கைவிட வெறும் 951 ஓட்டு அதிகம் வாங்கி வேட்பாளர் ஆனார். ஆகவே வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பர் வாட்ஸ்அப்பில் சொல்லும் விளக்கத்தை அப்படியே டெக்சாஸுக்குப் பொருத்தாதீர்கள்.

முதலிடம் வந்தவர் ரன்ஆஃபில் சுலபமாக ஜெயித்துவிடுவார் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசுக் கட்சியின் செனட் பிரைமரி அந்த ஆண்டு தொகுதி எல்லை வழக்கினால் தள்ளிப்போய் மே 29-ல் நடந்தது. துணை ஆளுநர் டேவிட் டியூஹர்ஸ்ட் 44.6 சதவீதம் வாங்கி முதலிடம். டெட் குரூஸ் 34.2 சதவீதம். பத்துப் புள்ளி வித்தியாசம். ஜூலை 31 ரன்ஆஃபில் குரூஸ் 56.8 சதவீதத்தோடு ஜெயித்தார். சதவீதத்தை விட்டுவிட்டு ஓட்டு எண்ணிக்கையைப் பாருங்கள்: டியூஹர்ஸ்டுக்கு மே மாதம் கிடைத்தது சுமார் 6 லட்சத்து 27 ஆயிரம், ஜூலையில் 4 லட்சத்து 80 ஆயிரம். அவருக்குப் போட்டவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்களா, மனம் மாறினார்களா என்பது இந்த எண்ணிக்கையில் தெரியாது. ஆனால் முதல் சுற்றில் மூன்றாம், நான்காம் இடக்காரர்களுக்குப் போட்டவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள், வெயில் காலத்தில் மறுபடி வரிசையில் நிற்கும் அளவுக்கு யாருக்கு வேகம் இருக்கிறது, இந்த இரண்டும்தான் ரன்ஆஃபைத் தீர்மானிக்கின்றன.

எப்போதும் இப்படிக் கவிழும் என்றும் இல்லை. 2022-ல் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு கென் பாக்ஸ்டன் மார்ச்சில் 43 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கினார். மே ரன்ஆஃபில் ஜார்ஜ் பி. புஷ்ஷை ஏறத்தாழ 68 சதவீதத்தில் வென்றார். அந்த ரன்ஆஃபுக்கு வந்தவர்கள் மார்ச்சில் வந்தவர்களில் பாதிகூட இல்லை. இதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை. 1994-க்குப் பிறகு டெக்சாஸில் மாநில அளவிலான எந்தப் பதவிக்கும் ஜனநாயகக் கட்சியினர் ஜெயிக்கவில்லை. அப்படியென்றால் பல பதவிகளுக்கு உண்மையான போட்டி நவம்பரில் நடப்பதே இல்லை, மே மாதமே முடிந்துவிடுகிறது. சுமார் 3 கோடி மக்கள் வாழும் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் யார் என்பதை அந்த மே மாதம் பத்து லட்சத்துக்கும் குறைவானவர்கள் முடிவு செய்தார்கள். நீங்கள் மார்ச்சில் போட்ட ஓட்டைவிட மே மாதம் போடும் ஓட்டுக்கு மதிப்பு அதிகம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

சரி, ராத்திரி 47, காலையில் 43. ஏன்?

வாக்குப்பதிவு மாலை 7 மணிக்கு முடியும் (அதற்குமுன் வரிசையில் நின்றுவிட்டவர்களை அனுப்ப மாட்டார்கள்). மாநிலத்தின் மேற்குக் கோடியில் எல் பாஸோ, ஹட்ஸ்பெத் என்று இரண்டு கவுன்ட்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அங்கே வாக்குப்பதிவு முடிவதும் அந்த ஒரு மணி நேரம் கழித்துத்தான். முதலில் வருவது முன்கூட்டியே போட்ட ஓட்டும் தபால் ஓட்டும். அவை பெரும்பாலும் வயதானவர்கள், எல்லாத் தேர்தலிலும் தவறாமல் போடுகிறவர்களின் ஓட்டு. பேர் தெரிந்த வேட்பாளருக்கு அதில் கை ஓங்கியிருக்கும். தேர்தல் நாளன்று விழுந்த ஓட்டு சாவடி சாவடியாகப் பின்னால் வருகிறது. 254 கவுன்ட்டிகளும் ஒரே வேகத்தில் எண்ணுவதில்லை. ஹூஸ்டனைச் சுற்றியுள்ள ஹாரிஸ் கவுன்ட்டி மாதிரி பெரிய இடங்கள் நள்ளிரவு தாண்டியும் எண்ணிக்கொண்டிருக்கும். உங்கள் வேட்பாளர் முன்கூட்டிய ஓட்டில் பலமாகவும் தேர்தல் நாள் ஓட்டில் சற்றுக் குறைவாகவும் இருந்திருப்பார், அவ்வளவுதான். அடுத்த முறை எத்தனை சதவீதம் என்பதோடு எந்த ஓட்டு, எந்தக் கவுன்ட்டி இன்னும் பாக்கி என்றும் பாருங்கள்.

அதற்குப் பிறகும் எண்ணிக்கை சில நாள் லேசாக அசையும். வெளிநாட்டிலிருக்கும் ராணுவத்தினரின் தபால் ஓட்டு தாமதமாகச் சேரும். அடையாள அட்டை இல்லாமல் வந்து தற்காலிக ஓட்டுப் போட்டவர்கள் ஆறு நாளுக்குள் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த ஓட்டும் கணக்கில் ஏறும். எல்லாம் சேர்ந்தபிறகு கவுன்ட்டி அளவிலும் மாநில அளவிலும் அந்தந்தக் கட்சித் தலைவர்கள் முடிவைச் சரிபார்த்து உறுதி செய்வார்கள். ஆமாம், கட்சிதான். பிரைமரியை நடத்தும் பொறுப்பு சட்டப்படி கட்சியுடையது. பெரும்பாலான இடங்களில் கவுன்ட்டி தேர்தல் அலுவலகத்தோடு ஒப்பந்தம் போட்டு நடத்துகிறார்கள்.

உங்கள் சந்தேகத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன், ஏனென்றால் டெக்சாஸுக்கு அந்த வரலாறு இருக்கிறது. 1948-ல் ஜனநாயகக் கட்சியின் செனட் ரன்ஆஃபில், பின்னாளில் அதிபரான லிண்டன் ஜான்சன், கோக் ஸ்டீவன்சனைவிடப் பின்தங்கியிருந்தார். தேர்தல் முடிந்து ஆறு நாள் கழித்து, தெற்கே ஜிம் வெல்ஸ் கவுன்ட்டியில் ஆலிஸ் என்ற ஊரின் 13-ஆம் எண் பெட்டியிலிருந்து புதிதாக 202 ஓட்டு வந்தது. அதில் 200 ஜான்சனுக்கு. வாக்காளர் பட்டியலின் கடைசியில் சேர்க்கப்பட்டிருந்த பெயர்கள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அகர வரிசையில் இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இறுதி எண்ணிக்கை: ஜான்சன் 4,94,191, கோக் ஸ்டீவன்சன் 4,94,104. வித்தியாசம் 87. கட்சியின் மாநிலச் செயற்குழு அதை 29-க்கு 28 என்ற ஓட்டில் ஏற்றுக்கொண்டது. அந்தச் சாவடியின் அதிகாரி 1977-ல் ஓட்டுகள் போலி என்று ஒப்புக்கொண்டார்.

அன்று பட்டியலைப் பார்க்கவே ஆட்கள் போராட வேண்டியிருந்தது. இன்று கவுன்ட்டிகள் கணக்குத்தாள் ஒன்று தர வேண்டும்: எத்தனை பேர் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தார்கள், எத்தனை ஓட்டு எண்ணப்பட்டது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று. அதை மக்களும் பார்க்கலாம். உங்கள் கவுன்ட்டியின் தாளை எடுத்துப் பாருங்கள், பத்து நிமிட வேலை. தோற்றவருக்கும் வழியுண்டு. தனக்கும் முன்னால் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம், முன்னால் இருப்பவர் வாங்கிய ஓட்டில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் மறு எண்ணிக்கை கேட்கலாம். செலவுக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

இப்போது கட்சி மாறும் விஷயம். டெக்சாஸில் வாக்காளர் பதிவு செய்யும்போது கட்சி கேட்பதில்லை. பிரைமரி அன்று சாவடி மேஜையில் "எந்தக் கட்சிச் சீட்டு?" என்று கேட்கும்போது நீங்கள் சொன்ன பதில்தான் பதிவு. பின்னால் நிற்பவர் காதில் விழும்படி கட்சிப் பெயரைச் சொல்ல நம்மவர்கள் பலருக்குக் கூச்சமாக இருக்கிறது, புரிகிறது. யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம்தான். எந்தக் கட்சிப் பிரைமரியில் போட்டீர்கள் என்பது பொது ஆவணம். அந்தப் பதிவு டிசம்பர் 31 வரை நிற்கும். அதனால் மே மாதம் அதே கட்சியின் ரன்ஆஃபில் மட்டுமே நீங்கள் போடலாம், மாற முடியாது. நவம்பர் பொதுத்தேர்தலில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் போடலாம்.

உங்கள் மனைவிக்கு அந்தக் கட்டு இல்லை. மார்ச்சில் போடாதவர் மே மாதம் எந்தக் கட்சியின் ரன்ஆஃபிலும் போடலாம், ஏதாவது ஒன்றில் மட்டும். அவர் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் ரன்ஆஃபுக்கு 30 நாள் முன்னதாகப் படிவத்தைக் கொடுத்துவிடவோ தபாலில் போட்டுவிடவோ வேண்டும். முன்கூட்டிய வாக்குப்பதிவு மார்ச்சில் இருந்த மாதிரி நீளாது: 2024-ல் மே 20 முதல் 24 வரை ஐந்தே நாள். தேர்தல் நாளன்று போவதானால் மார்ச்சில் போன அதே பள்ளிக்கூடத்துக்கே போய் நிற்காதீர்கள், சாவடி மாறியிருக்கலாம். முதல்நாள் கவுன்ட்டி தேர்தல் அலுவலக இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். அடையாளத்துக்கு ஓட்டுநர் உரிமம் அல்லது பாஸ்போர்ட் போதும். அமெரிக்க பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லையென்றால், புகைப்படம் உள்ள குடியுரிமைச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்வார்கள்.