வதந்தியை நம்பி வருபவரிடம் எப்படிப் பேசுவது? சுகாதாரப் பணியாளர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி (செவிலியர்): கைபேசியில் வந்த செய்தியைக் காட்டி "இது உண்மையா?" என்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: யார் சொன்னது, எப்போது, எந்த ஆய்வை வைத்து என்று தேடுங்கள். "பிரபல மருத்துவர் ஒருவர்" என்று பெயரே இல்லாமல் வந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே மருந்து பத்து நோயைத் தீர்க்கும் என்பதும், "உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்ற அவசரமும் அப்படித்தான்.

கேள்வி (கிராம சுகாதாரப் பணியாளர்): சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று நம்பி ஒருவர் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

பதில்: சரி, அவர் ஏன் பயப்படுகிறார் என்று கேட்டீர்களா? அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். பல வருடம் மாத்திரை சாப்பிட்ட உறவினர் யாராவது டயாலிசிஸுக்குப் போவதை அவர் பார்த்திருக்கலாம். கண்ணால் கண்டது உண்மை, கற்பித்த காரணம்தான் தவறு. நெடுநாள் கட்டுப்படாத சர்க்கரைதான் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சிதைக்கிறது. அப்புறம், சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் பலவீனமாகிவிட்டால் மருத்துவர் மெட்ஃபார்மினைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால், நாளை வேறெங்கோ கேள்விப்படும்போது நீங்கள் சொன்ன எதையும் நம்ப மாட்டார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைச் செய்து, முடிவை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். அவருடைய சொந்த எண்ணைக் காட்டிப் பேசும்போது பயம் தணிய வழி இருக்கிறது.

கேள்வி (மருந்தாளுநர்): பொய்யை எடுத்துச் சொல்லித்தானே மறுக்க முடியும்?

பதில்: உண்மையிலிருந்து தொடங்குங்கள். சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டும் என்று நம்பி வருபவரிடம் இப்படி: "சளிக் காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ், ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை." பொய்யை ஒருமுறை மட்டும் தொட்டு, எங்கே தவறு என்று காட்டிவிட்டு, மறுபடி உண்மைக்கே வாருங்கள்.

கேள்வி (தடுப்பூசி முகாம் பணியாளர்): தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருமா என்று இன்னும் கேட்கிறார்கள்.

பதில்: வராது. அந்தப் பயத்தைப் பரப்பியது 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவிலும் அந்தத் தடுப்பூசியால் ஆட்டிசம் கூடவில்லை. ஆனால் எண்களை எடுத்த எடுப்பிலேயே கொட்டாதீர்கள். பிள்ளைமேல் உள்ள அக்கறையால் கேட்கிறார்கள், முதலில் அதை மதியுங்கள்.

கேள்வி (பயிற்சிச் செவிலியர்): எனக்கே பதில் தெரியாவிட்டால்?

பதில்: "விசாரித்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் மறக்காமல் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.