சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்ன ரகசியம்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், அரசு மகளிர் பள்ளியில் 31 வருடம் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது திடீரென்று அழுதாள். அவளுடைய தோழியின் வீட்டிலேயே தங்கியிருக்கும் தாய்மாமா, அந்தப் பெண்ணிடம் தவறாக நடந்துகொள்கிறாராம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தோழி இவளிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணின் அம்மா எனக்குப் பழக்கம். அவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிட்டதாக ஆகிவிடாதா? என் மகளோ, ‘சொன்னா அவ என்கூடப் பேசவே மாட்டா’ என்று கெஞ்சுகிறாள்.
– பெயர் சொல்ல விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போன் செய்தேன். அன்று சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே நிலைமையில் இன்னும் எத்தனையோ அம்மாக்கள் இருப்பார்கள்.

முதலில் உங்கள் மகள். பதிமூன்று வயதில் தோழிக்குச் செய்துகொடுத்த சத்தியம் சாமி சத்தியம் மாதிரி. ‘அதெல்லாம் சும்மா’ என்று தள்ளிவிடாதீர்கள். ‘யாராவது காப்பாத்த மாட்டாங்களான்னுதான் அவ உன்கிட்ட சொல்லியிருக்கா. நீ காட்டிக்கொடுக்கலை. இனிமே இதைப் பார்க்கவேண்டியது பெரியவங்க நாங்க’ என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய்வதற்கு முன்னால், செய்யப்போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்குத் தெரியாமல் செய்து, பின்னால் தெரியவந்தால், நாளைக்கு அவளுக்கே ஒன்று என்றாலும் உங்களிடம் வாய் திறக்க மாட்டாள்.

அப்புறம், அவளிடமே ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

1994-ல் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி லேப் வாசலில் வந்து நின்றாள். கையில் அறிவியல் நோட்டு. அட்டையில் ஒட்டியிருந்த லேபிளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, ‘டீச்சர், என் ஃப்ரெண்டுக்கு வீட்ல ஒரு பிரச்சனை. அவ சித்தப்பா ஒரு மாதிரி…’ என்றாள். நான் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், ‘அவங்க அம்மாகிட்ட சொல்லச் சொல்லும்மா’ என்றேன். ‘சரி டீச்சர்’ என்று போய்விட்டாள். லேபிள் துண்டு துண்டாகத் தரையில் கிடந்ததை அப்புறம்தான் பார்த்தேன். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. பதினைந்து வருடம் கழித்து, ஒரு பேருந்து நிலையத்தில் இடுப்பில் குழந்தையோடு வந்து என்னிடம் பேசினாள். பஸ் வந்துவிட்டது. ஏறப்போகிற நேரத்தில் சொன்னாள்: ‘அந்த ஃப்ரெண்டு நான்தான் டீச்சர்.’

அதனால் உங்கள் மகளிடமும், ‘உன்கிட்ட யாராவது அப்படி நடந்துக்கிட்டாங்களாம்மா?’ என்று ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில் கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். நோண்ட வேண்டாம்.

அடுத்து, அந்த அம்மாவிடம் பேசுவது. அவசரப்படாதீர்கள் என்பேன். குற்றம் சாட்டப்படுகிறவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. நம் ஊரில் தாய்மாமாவுக்கு இருக்கிற உரிமை உங்களுக்குத் தெரியாததா? காது குத்தினால் மாமன் மடி, பெரியவளானால் மாமன் சீர், சின்ன வயதிலிருந்தே ‘மாமனைக் கட்டிக்கிறியாடி’ என்ற கேலி. அந்தக் கேலியின் மறைவில் என்னென்னவோ நடந்துவிடுகிறது. ‘விளையாட்டுக்குத்தான் அக்கா’ என்று அவர் சொல்லி, அதை நம்பி அந்த அம்மா பெண்ணை அடித்தால்? படிப்பை நிறுத்தி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால்? மகளுக்காகத் தம்பியை வீட்டைவிட்டுத் துரத்திய அம்மாக்களையும் எனக்குத் தெரியும். இவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை அந்தக் குழந்தையை வைத்துச் சோதித்துப் பார்க்க முடியாது.

1098-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. குழந்தையின் பெயர், வயது, வீடு எங்கே, அந்த ஆள் அதே வீட்டில்தான் இருக்கிறாரா என்பதைச் சொல்லுங்கள். உங்கள் மகள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நேராகவும் போகலாம். குழந்தை அந்த வீட்டில் இருப்பது பாதுகாப்பா என்று பார்ப்பது மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பு. ‘அடுத்தவர் குடும்ப விஷயம்’ என்று எழுதியிருந்தீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின்படி, தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதுதான் குற்றம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைகூட உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது.

அந்தப் பெண் உங்கள் வீட்டுக்கு வந்தால் எப்போதும் போலச் சாப்பாடு போடுங்கள். அவளாகப் பேசினால், ‘நீ சொல்றதை நம்புறேன். உன் மேல ஒரு தப்பும் இல்லை’ என்பது போதும். ‘ஏன் கத்தலை, ஏன் அப்பவே சொல்லலை’ என்ற கேள்விகள் வேண்டவே வேண்டாம். போலீஸ், டாக்டர், நீதிபதி என்று இன்னும் எத்தனையோ பேரிடம் அவள் சொல்லவேண்டியிருக்கும்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு. என் நண்பனிடம் டியூஷன் சார் தப்பாக நடக்கிறார். ‘ஆம்பளைப் பையனுக்கு என்னடான்னு சிரிப்பாங்க’ என்று யாரிடமும் சொல்ல மறுக்கிறான். நான் போன் செய்தால் போலீஸ் எங்களை ஸ்டேஷனுக்கு இழுப்பார்களா? பெயர் பேப்பரில் வருமா?
– ஒரு மாணவன்

பதில்: தம்பி, உன் கடிதத்தில் முகவரியும் இல்லை, போன் நம்பரும் இல்லை. இது உன் கண்ணில் பட வேண்டுமே என்ற கவலையோடுதான் எழுதுகிறேன்.

போக்சோ சட்டத்தில் பையன், பெண் என்ற வித்தியாசமே கிடையாது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிற யாருக்கு நடந்தாலும் குற்றம்தான். வாக்குமூலம் வாங்க போலீஸ்தான் உன் நண்பனின் வீட்டுக்கோ அவன் கேட்கிற இடத்துக்கோ வரவேண்டும், அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல். அப்பா அம்மாவோ, அவன் நம்புகிற வேறு ஒருவரோ கூடவே இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. அவன் பெயர், போட்டோ, பள்ளி, வீடு எதையும் பத்திரிகையில் போடக் கூடாது. இத்தனை நாள் சொல்லவில்லையே என்று உன் மேல் வழக்கும் வராது, நீயும் குழந்தைதான்.

1098-க்கு நீயே பேசலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால், ‘என் நண்பனுக்கு உதவி வேணும், ஒருத்தர் அவனைத் தப்பாத் தொடுறார்’ என்று சொல். மீதியை அவர்களே கேட்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம். பள்ளியில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருந்தாலும் அதில் சீட்டுப் போட்டுவிட்டுக் காத்திருக்காதே, போன் செய். வீட்டிலோ பள்ளியிலோ நீ சொல்கிற முதல் ஆள் நம்பவில்லையா? அடுத்த ஆளிடம் போ.

அந்த சாரை அடிக்க ஆள் சேர்க்காதீர்கள். அவர் அனுப்பிய மெசேஜ் இருந்தால் அழிக்க வேண்டாம். முக்கியமாக ஒன்று: ‘செத்துப்போயிடலாம்னு இருக்குடா’ என்று அவன் சொன்னால் தனியாக விடாதே. அந்த நிமிடமே பக்கத்தில் இருக்கிற பெரியவர் யாரையாவது கூப்பிடு. 112-க்குப் போன் செய். மனசு தாங்காத நேரத்தில் பேச 14416 இருக்கிறது, உனக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. இதையெல்லாம் எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஒரு தகப்பன்

பதில்: விரலிலிருந்து ஆரம்பியுங்கள். ‘உனக்குப் பிடிக்காத மாதிரி யாராவது தொட்டாலோ, ரகசியமா வெச்சுக்கோன்னு சொன்னாலோ யார்கிட்ட சொல்லுவே?’ என்று கேட்டு, ஒரு விரலுக்கு ஒரு பெயர் சொல்லச் சொல்லுங்கள். ஐந்தில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். நீங்கள் பெயர் எடுத்துக்கொடுக்காதீர்கள். என் பேத்தி அம்மா, அப்பா, நான், மிஸ் என்று நாலு விரல் மடக்கிவிட்டு, சுண்டுவிரலுக்கு ரொம்ப நேரம் யோசித்து, பள்ளியில் தண்ணீர் பிடித்துக்கொடுக்கும் ஆயாவின் பெயரைச் சொன்னாள். மறுநாள் காலை அந்த ஆயாவைப் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ‘என் பேரையா சொல்லுச்சு?’ என்று கேட்டார். 1098 என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.